பழைய வேனில் ஒரு வீடு: வாங்குமுன் அறிய வேண்டிய விஞ்ஞானம்

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளே அமைந்த வேன் ஒன்றில் குடும்பத்தோடு புறப்பட்டு, விரும்பிய இடத்தில் இரவு தங்கி, விரும்பிய பொழுது வீடு திரும்ப வேண்டும் என்னும் ஆசை நம்மவரிடையே இப்பொழுது பரவி வருகிறது. மதுரை கே.கே. நகரில், வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய தெருக்களில் வாழும் குடும்பங்களுக்குக் கிழக்கே இராமேசுவரமும், வடமேற்கே கொடைக்கானலும், தெற்கே குமரிமுனையும் ஒருநாள் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுவதால், இந்த ஆசை பிறப்பதில் வியப்பில்லை. ஆயினும், புதிதாக நிர்மாணித்த கேரவனின் விலை நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருப்பதால், பழைய மெட்டடார் வேனையோ பழைய டெம்போ டிராவலரையோ, யாரோ ஒருவர் முன்பே வீடாக மாற்றியமைத்த வண்டியையோ வாங்கலாமே என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறன்று. ஆனால் அத்தகைய வண்டியைப் பார்க்கச் செல்பவர், எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும், அதை ஏன் பார்க்க வேண்டும் என்பதையும் அறிந்து செல்வது அவசியம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

மோட்டார் வண்டியை வீடாக்கும் முயற்சி மோட்டார் வண்டி தோன்றிய சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 1910-இலேயே படுக்கையாக மடங்கும் இருக்கை கொண்ட வண்டியைக் காட்சிக்கு வைத்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேன் 1950-இல் வெளிவந்ததும், வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதனுள் அலமாரியும் படுக்கையும் அமைக்கத் தொடங்கியது. அவ்வேன்களில் சில ஐரோப்பாவிலிருந்து தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. நம் தேசத்தில் இவ்வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம், 1982-ஆம் ஆண்டில் என்.டி. ராமராவ் தேர்தல் பிரசாரத்துக்காகப் பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, தம் புதல்வர் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திர தேசம் முழுவதும் மாதக்கணக்கில் சுற்றிவந்த வாகனமாகும். தமிழ்நாட்டிலோ, பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மானிய நிர்மாணத்தைத் தழுவி 1969 முதல் செய்துவந்த மெட்டடாரும், அதே நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டிராவலரும், கல்யாண கோஷ்டிகளையும் சபரிமலை யாத்திரிகர்களையும் சுமந்தே முதுமை எய்தின. இன்று பழைய வேன் தேடுவோரின் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவைதாம்.

ஒரு வண்டியின் வயதைப் பதிவுச் சான்றில் கண்ட ஆண்டைக் கொண்டே கணக்கிடுவது நம் வழக்கம். விஞ்ஞான நோக்கில் அந்த எண் மிகச் சொற்பமான செய்தியையே தருகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் உலர்ந்த கொட்டகையில் நின்ற வேனும், எட்டு ஆண்டுகள் கடற்கரையில் நின்ற வேனும் ஒரு நிறையில் வைக்கத் தக்கவை அல்ல. வாகனத்தை முதுமையாக்குபவை மூன்று: நீர், வெப்பம், பாரம். இம்மூன்றும் அவ்வண்டியின் உடலில் விட்டுச்சென்ற அடையாளங்களை வாசிக்கத் தெரிந்தவரே அதன் உண்மையான வயதை அறிந்தவராவார்.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். இரும்பு பூமியில் பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. உலையில் மிகுந்த சக்தியைச் செலவிட்டு நாம் அதைப் பிரித்தெடுக்கிறோம். அவ்வாறு பிரிந்த இரும்பு, சந்தர்ப்பம் நேரும்போதெல்லாம் பிராணவாயுவோடு மறுபடியும் சேர்ந்து தன் பழைய நிலையை அடையவே முயல்கிறது. துருப்பிடித்தல் என்பது இந்தத் திரும்புதலே. தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்ததும், ஓரிடத்து இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துக் கரைகின்றன. வேறோர் இடத்தில், நீரில் கரைந்துள்ள பிராணவாயு அந்த எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு ஒரே தகட்டின் மேல் சிறியதொரு மின்கலம் உண்டாகிவிடுகிறது. நீரில் உப்புக் கலந்திருப்பின் அது மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், கரைதலும் பன்மடங்கு வேகம் பெறுகிறது.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. காற்று தாராளமாகப் படும் இடத்தைவிட, காற்றுப் புகாத இடுக்கிலேயே இரும்பு அதிகமாகக் கரைகிறது. திறந்த பரப்பு பிராணவாயுவை ஏற்கும் முனையாகவும், இடுக்கின் அடிப்பகுதி இரும்பை இழக்கும் முனையாகவும் அமைந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே, வெளித்தகடு பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த மூட்டுகளில் அழிவு நடந்துகொண்டிருக்கக்கூடும். கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டின் உட்புறம், சக்கரத்தின் மேல்வளைவு, முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பரின் கீழ்ப்பகுதி, கூரையின் நீர்த்தாரை, சேசிஸ் சட்டத்தோடு உடற்கூடு சேரும் இடங்கள் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். துருவானது தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதால், பெயின்டை உள்ளிருந்து தள்ளி எழுப்புகிறது. பெயின்டில் கொப்புளம் தெரிந்தால் அதன் கீழ்த் தகடு பெரும்பகுதி போய்விட்டது என்று கொள்வதே விவேகம்.

டிங்கர் வேலை செய்பவர்கள் பள்ளத்தையும் ஓட்டையையும் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்து வர்ணம் பூசிவிட்டால், தேர்ந்த கண்ணும் ஏமாறும். சாதாரணக் காந்தத் துண்டு ஒன்று போதும், இதைக் கண்டுபிடிக்க. இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திச் செல்லுங்கால், ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் பிடிப்பை இழக்குமானால், அங்கே தகட்டுக்கு மேல் பட்டி தடிமனாக இருக்கிறது, அல்லது தகடே இல்லை என்பது வெளிப்படை.

உப்புக் கலந்த ஈரம் துருவை விரைவுபடுத்துவதால், வண்டி எங்கே வாழ்ந்தது என்பதும் முக்கியமாகிறது. இரும்பு அரிக்கப்படும் விதத்தை ஆராய்வதில் நம் நாட்டின் தலைசிறந்த நிலையம் மதுரைக்கு அண்மையிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948 ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. கடற்காற்றில் உலோகங்கள் எவ்வாறு அழிகின்றன என்பதை அறிய அந்நிலையம் மண்டபம் என்னும் கடலோர ஊரில் சோதனைக் களம் அமைத்து, உலோகத் துண்டுகளை நெடுங்காலம் வெட்டவெளியில் வைத்து ஆராய்ந்திருக்கிறது. பாம்பன் பாலத்தைப் பாதுகாக்க ரயில்வேயார் பட்ட பாடு அப்பிரதேசத்துக் காற்றின் கொடுமைக்குச் சான்று. ஆதலால், டி.என். 65 என்ற இராமநாதபுரத்து எண்ணையோ, டி.என். 69 என்ற தூத்துக்குடி எண்ணையோ தாங்கிய வேனை, டி.என். 59 என்ற மதுரை வடக்கு எண் தாங்கிய வேனைவிடப் பதின்மடங்கு கவனத்துடன் பார்க்க வேண்டும். பதிவு ஓரிடத்திலும் வாசம் வேறிடத்திலுமாக இருந்திருக்கக்கூடுமாதலால், வண்டி இரவில் எங்கே நின்றது என்று உரிமையாளரைக் கேட்டறிவதும் தேவையே.

வீடாக மாற்றிய வேனில் நீர் உள்ளிருந்தும் வருகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவு நீரைக் காற்றில் சேர்க்கிறார். நால்வர் உறங்கினால் ஒரு லிட்டர். மதுரையின் வெப்பத்தில் இந்த ஆவி வெளியேறிவிடும்; கொடைக்கானலின் குளிர்ந்த இரவிலோ, கூரைத் தகட்டின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, அழகுக்காக அடித்த பிளைவுட் பலகையின் பின்னே வழிந்து, அங்கேயே தங்கிவிடும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பூஞ்சணம் பற்றும், பலகை உளுக்கும், அதை ஒட்டிய தகடு துருவேறும். ஆகையால், மூடிய கதவைத் திறந்தவுடன் எழும் வாசனையை முதலில் கவனியுங்கள். மக்கிய வாடை வந்தால், ஒன்றிரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பலகையின் பின்புறத்தைக் காட்டுமாறு கேளுங்கள். அதற்கு இசையாத உரிமையாளரிடம் வாங்காமலிருப்பதே நலம்.

இனி யந்திரத்துக்கு வருவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை யாவரும் அறிவோம். டீசல் யந்திரம் முழுவதும் அந்த ஒரே தத்துவத்தின் மேல் நிற்கிறது. டிராவலரில் அமைந்த மெர்சிடிஸ் வழிவந்த ஓ.எம். 616 என்னும் 2.4 லிட்டர் யந்திரத்தில், சிலிண்டருக்குள் இழுத்த காற்று ஏறத்தாழ இருபத்தொன்றில் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அதனால் அக்காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறுகிறது. அதில் தெளித்த டீசல் தீப்பொறி எதுவுமின்றித் தானே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டால், நசுக்கும்போதே காற்று கசிந்து, போதிய வெப்பம் பிறப்பதில்லை. இந்தக் குறை குளிர்ந்த யந்திரத்தில்தான் வெளிப்படும். சூடான யந்திரம் எளிதில் கிளம்பித் தன் நோயை மறைத்துவிடும். எனவே, நீங்கள் வருமுன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, காலையில் சென்று, யந்திரத்தின் மேல் கையை வைத்து அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டே கிளப்பச் சொல்லுங்கள்.

புகையின் நிறமும் பேசும். நீலப் புகை, யந்திரத்தின் ஆயில் எரிகிறது என்பதற்கு அறிகுறி. சூடேறிய பின்னும் விடாத வெண்புகை, ரேடியேட்டர்த் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகிறது என்றோ, டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்றோ காட்டும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சி டீசல் பாய்கிறது என்று பொருள்படும். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்ததும் அங்கிருந்து புகை விட்டுவிட்டுப் பலமாக வெளிப்பட்டால் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். மூடியின் உட்புறத்தில் பால்போன்ற பசை ஒட்டியிருந்தால் நீரும் ஆயிலும் கலந்தன.

இவ்வளவு கூறியபின், யந்திரத்தின் தேய்மானம் கண்டு அஞ்சி ஓட வேண்டாம் என்றும் கூறுவேன். எண்ணெயில் தோய்ந்திருக்கும் யந்திரத்தின் உட்பாகங்களைத் துரு எளிதில் அணுகுவதில்லை. தேய்ந்த பாகம் எது என்று அளந்து கண்டு, சிலிண்டரைக் கடைந்து, புது வளையம் இட்டு, அதைப் புதுப்பித்துவிடலாம். அந்தக் கலைக்கு மதுரை பழகிய ஊர். 1912-இல் புதுக்கோட்டைக்கும் தஞ்சைக்கும் இடையே பேருந்து விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மதுரையை இருப்பிடமாகக் கொண்டு வளர்ந்ததும், இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அருகிவிட, அவர்கள் கரியிலிருந்து வாயு எடுக்கும் கலங்களைச் செய்து வண்டிகளை ஓட்டியதும் இவ்வூரின் சரித்திரம். இன்றும் பழைய டீசல் யந்திரத்தைப் பிரித்துச் சேர்க்கும் கைகள் இங்கே ஏராளம். சேசிஸ் சட்டமும் உடற்கூடும் துருவுக்கு இரையாகிவிட்டாலோ, அவற்றைப் பழைய வலிமைக்குக் கொண்டுவருவது அநேகமாக வண்டியின் விலையையே விழுங்கும் காரியம். யந்திரத்தைவிட உடலையே பெரிதாக மதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெப்பத்தின் வேலையை அறிய மலைப்பாதையே சிறந்த பரீட்சைக் கூடம். மதுரை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், பழைய டீசல் யந்திரம் சிறிது கரும்புகை விடுவது இயல்பே. அவ்வுயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடி உள்ளே நிறுத்தி வைக்கும் அழுத்தம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மலையேற்றத்தில் தண்ணீர் பொங்கி வெளியேறும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே அபாயம். 3 டன் எடையுள்ள வேன் 2000 மீட்டர் கீழிறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 டிகிரியில் உள்ள தண்ணீரில் 200 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் யந்திரம் அதில் கணிசமான பங்கைத் தாங்கிக்கொள்ளும். இல்லையேல் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. சாதாரண டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழையதானால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகிறது. ஆவி நசுங்குமாதலால், பெடல் அடிவரை இறங்கியும் வண்டி நிற்பதில்லை. மாற்றாத பிரேக் ஆயிலோடு நெடுநாள் நின்ற வேனை எந்தக் காரணத்தாலும் மலைக்கு ஓட்டலாகாது. பிரேக்கைப் போலவே டயரின் வயதையும் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டில், செய்த காலத்தைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வெயிலும் ஓசோனும் ரப்பரை நிற்கும் வண்டியிலும் கெடுப்பதால், மேற்பரப்பின் வரிகள் தேயாதிருந்தாலும் வெடிப்புக் கண்ட பழைய டயரை மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவதாகிய பாரத்தை எடைமேடை சொல்லும். படுக்கை, அலமாரி, பாட்டரி, நீர்த்தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து எடை பெருகுவதை உரிமையாளரே உணர்ந்திருக்கமாட்டார். 100 லிட்டர்த் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. பதிவுச் சான்றில் கண்ட எடையோடு எடைமேடைச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை வெளியாகும். மேலும், முன்சக்கர இயக்கமுள்ள மெட்டடாரில் கனமானவற்றைப் பின்கோடியில் வைத்தால், மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்களின் மேல் உள்ள பாரம் குறைந்து, ஈரச் சாலையில் அவை வழுக்கும். கூரைமேல் சுமை ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் சாயும் இயல்பு மிகும். கனத்தைத் தரையோடு ஒட்டியும் அச்சுகளுக்கு இடையிலும் அமைத்த வேனே நன்கு திட்டமிட்டுச் செய்த வேன்.

எல்லாவற்றினும் மேலாக உயிரைப் பற்றிய செய்தி ஒன்று. சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலால் அது வெளியேறத் தரைமட்டத்தில் துவாரம் இருக்க வேண்டும். அதே தரையில் வேண்டாத ஓட்டை இருப்பின், வெளியே ஓடும் யந்திரத்தின் புகை உள்ளே நுழையும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உட்புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் பரிசோதித்துக் கண்டனர். நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு, நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவதால், உறங்குபவர் விழிக்காமலே மாள்கிறார். ஆகவே, வேனின் தரையிலும் புகைக்குழாயிலும் உள்ள வேண்டாத ஓட்டையை அடைக்காமலும், அவ்வாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரம் ஒன்றைப் பொருத்தாமலும், ஓர் இரவும் உள்ளே உறங்கக் கூடாது. யந்திரமோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கையில் கதவடைத்துத் தூங்கவே கூடாது.

இறுதியாகச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. இருக்கை, மேஜை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை கொண்ட மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனித் தரநெறி உண்டு. பதிவுச் சான்றில் பன்னிரண்டு இருக்கை வேன் என்றும், உள்ளே கட்டில் அடுப்பென்றும் இருந்தால், எஃப்.சி. புதுப்பிக்கும் நாளிலும், விபத்து நேர்ந்து இன்சூரன்ஸ் கோரும் நாளிலும் துன்பம் வரும். சேசிஸ் எண்ணையும் யந்திர எண்ணையும் சான்றோடு ஒப்பிட்டு, கடன் பாக்கியின்மையை உறுதிசெய்து, 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெற்ற பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கு 2021-இல் ஏற்படுத்திய தனிப் பதிவு, அவற்றைப் போற்றிப் பாதுகாப்போருக்கானது. அந்தப் பதிவில் உள்ள வண்டியை நாடோறும் ஓட்டித் திரிய இயலாது.

ஆதலால், பழைய வேன் வாங்க விழையும் அன்பர்களுக்கு என் முடிவான வார்த்தை இது: காகிதங்களை முதலிலும், தகட்டையும் சேசிஸ் சட்டத்தையும் இரண்டாவதாகவும், பிரேக்கையும் டயரையும் மூன்றாவதாகவும், யந்திரத்தை நான்காவதாகவும், திரைச்சீலையையும் மெத்தையையும் கடைசியாகவும் பாருங்கள். உடல் உறுதியாகவும் உரிமை நேராகவும் இருந்தால், யந்திரம் களைத்திருந்தாலும் துணிந்து வாங்குங்கள். அதைத் தேற்ற மதுரையில் ஆள் உண்டு. சேசிஸ் சட்டம் துருவேறிய வேனை, விலை எவ்வளவு குறைந்தாலும், வேண்டாம் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.